திங்கட்கிழமை காலையில் பரலோகம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் போட்டுவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். போன மாதம் உங்கள் பாட்டி இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உங்கள் தோளைத் தட்டி "அழாத மக்கா, பாட்டி பரலோகத்துல சந்தோஷமா இருக்கா" என்றார்கள். அதே ஆட்கள், குழி மண் காயுமுன்னே, பாட்டியின் விளையில் யாருக்கு எத்தனை சென்ட் என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்கள். செத்த பிறகு மேலே போவோம் என்று நம்புகிறதால் திங்கட்கிழமை காலையில் என்ன மாறுகிறது, ஒன்றும் மாறாது என்றால் இந்த நம்பிக்கை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி, அதில் இருக்கிற கோபமும் நியாயம்தான். நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன், மார்த்தாண்டம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன் என்பதால் அந்தப் பார்வை இதில் இருக்கும். கத்தோலிக்க நண்பர்களும் பெந்தெகொஸ்தே நண்பர்களும் சில இடங்களில் வேறு மாதிரி சொல்வார்கள்.

முதலில் அழுகை. உங்களுக்கு அதிகம் வலித்தது அதில்தான் என்று நினைக்கிறேன். அழாதே என்று வேதத்தில் இல்லை. பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதினது, நம்பிக்கை இல்லாத மற்றவர்கள் துக்கப்படுகிற மாதிரி நீங்கள் துக்கப்படாதீர்கள் என்று; துக்கமே படாதீர்கள் என்று அல்ல. பாதி வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். லாசரு இறந்தபோது பெத்தானியாவுக்கு வந்த இயேசுவுக்கு, கொஞ்ச நேரத்தில் அவன் கல்லறையை விட்டு வெளியே வரப்போகிறான் என்று தெரியும். தெரிந்தும் நின்று அழுதார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்து நீங்கள் அழுவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. மரணத்தை வேதம் கடைசிச் சத்துரு என்றுதான் சொல்கிறது, நண்பன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை, கடற்கரையில். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த வரிசை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். (அன்றைக்குத் தேதி, மீனவராயிருந்த அப்போஸ்தலர் அந்திரேயாவின் திருநாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் என்னமோ செய்யும்.) பலர் திரும்பி வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் பண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் "மேலே நல்லா இருக்கார்" என்று யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது தம்பி, வாய் வராது. அந்த நாட்களில்தான் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு வரி எனக்குத் தட்டுப்பட்டது, அதற்கு முன்னால் எத்தனையோ தடவை வாசித்துத் தாண்டிப் போனதுதான்: கடைசி நாளில் சமுத்திரம் தன்னிடம் இருக்கிற மரித்தவர்களை ஒப்புவிக்கும். மண்ணில் புதைத்தவர்களை மட்டும் எழுப்புகிற கடவுள் இல்லை, கடலும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கரையில் நின்று வாசித்தால் அது தத்துவம் மாதிரியே தோன்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரலோகத்தை நம்புகிறவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்றால், அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மறித்து உட்கார்ந்தது யார்? அதே ஊர்க்காரர்கள்தான், பங்குத்தந்தைகளும் கூட உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்களுக்காக ஜெபித்த வாயாலேயே, காணாமல் போனவர்களைத் தேடு என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். கடவுள் ஒரு உயிரையும் தொலைத்துப் போடமாட்டார் என்று நம்புகிறவனுக்கு, அந்த உயிரைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிற அதிகாரியைப் பார்த்தால் பொறுக்காது.

சொல்ல மறந்துவிட்டேன், அதே வெளிப்படுத்தின விசேஷத்தின் அடுத்த அதிகாரத்தில், புதிய வானம் புதிய பூமி வரும்போது சமுத்திரம் இல்லாமல் போயிற்று என்றும் இருக்கிறது. கடற்கரைக்கார நண்பர் ஒருவர் என்னிடம், "வாத்தியாரே, கடல் இல்லாத பரலோகத்துல எங்களுக்கு என்ன சோலி?" என்று கேட்டார். எபிரெயருக்குக் கடல் என்றால் பயம், குழப்பம், அழிவு, அதைத்தான் யோவான் இல்லை என்கிறார் என்று விளக்கினேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை அவர். ஒக்கிக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார்.

சரி, பரலோகம் என்றால் என்ன என்பதற்கு வருவோம், ஏனென்றால் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். நாம் மனதில் வைத்திருக்கிற படம்: உயிர் உடம்பை விட்டுக் கிளம்பி மேலே போகும், அங்கே ஆளுக்கொரு பங்களா, வெள்ளை உடுப்பு, வேலையில்லை, பாட்டு மட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாப் பணத்தில் கட்டின வீடுகளைப் பார்த்துப் பார்த்து, பரலோகத்தையும் அதே மாதிரி, பெரிய கேட் போட்ட தனி வீடாக நினைத்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். இயேசு சொன்னது, என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்று. வீடு ஒன்று, தங்குமிடம் பல. கூட்டுக்குடும்பம் மாதிரி. தனி பங்களா கேட்கிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் மனிதர்கள் மேலே போவதாக இல்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனிதர்களோடு வந்து குடியிருக்கிறார். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்லுகிறோமே, அதன் அர்த்தம் இந்த உடம்பு வேண்டாத சட்டை இல்லை என்பதுதான். இறந்தவர்கள் இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்று நம்புகிறோம், சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு, இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று அவர் வாக்குக் கொடுத்தார். ஆனால் அது வழியில் தங்குகிற இடம். போய்ச்சேருகிற இடம் உயிர்த்தெழுந்த உடம்போடு, புதுப்பிக்கப்பட்ட பூமியில், ஊராக வாழ்வது.

இதில் ஊராக என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்து வருகிறது.

பிலிப்பி சபைக்கு எழுதும்போது பவுல் நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்கிறார். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம், ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றின இடம். அங்கே ரோமக் குடியுரிமை உள்ளவன், என்றைக்கு மூட்டை கட்டி ரோமுக்குப் போவோம் என்று காத்திருக்கமாட்டான். ரோமின் சட்டம், ரோமின் பழக்கம், எல்லாவற்றையும் பிலிப்பியில் நடத்திக்காட்டுவான். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த உவமை சட்டென்று விளங்கியிருக்கும். நமக்குத்தான் விளங்காமல், பரலோகக் குடியுரிமை என்றால் இந்த ஊரில் நமக்கு வேலையில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

நம் மாவட்டத்து வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வரலாற்று வாத்தியார் என்பதால் இங்கே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்த காலத்தில், நம் மாவட்டம் அடங்கின தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அந்தக் கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். ஆமாம், இன்றைக்குச் சபையில் "ஊழியம் செய்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதே வார்த்தை, முதுகு உடைகிற அர்த்தத்தோடு. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிலிருந்து விலக்கு கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், ஆறு நாள் மாடு மாதிரி உழைத்தவன், ஏழாம் நாள் குளித்துத் துணி உடுத்து, தன் பெயரைச் சொல்லி அழைக்கிற இடத்தில் போய் உட்காருகிறான். தேவனுடைய ஜனத்துக்கு இளைப்பாறுதல் இருக்கிறது என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்வதை அவன் வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் ருசி பார்த்தான். ருசி பார்த்தவன் மற்ற ஆறு நாளையும் பழைய மாதிரி பொறுத்துக்கொள்வானா?

தோள்சீலை விஷயமும் அப்படித்தான். மார்பை மறைக்கக்கூடாது என்று சாதி வைத்து விதித்திருந்த நாட்டில், இந்த உடம்பையே கடவுள் மகிமையாக எழுப்பப்போகிறார் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவள் அந்த உடம்பை மூடிக்கொள்ளத்தான் செய்வாள். 1820-களில் தொடங்கின கலவரங்கள், கிழிக்கப்பட்ட துணிகள், எரிக்கப்பட்ட ஆலயங்கள் எல்லாம் கடந்து 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அரச அறிவிப்பு வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. உயிர்த்தெழுதல் பிரசங்கம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், படிப்பும் அரசியலும் ஆங்கிலேய அதிகாரிகளின் நெருக்குதலும் இருந்தன. கிறிஸ்தவர்கள் மட்டும் தலைநிமிர்ந்தார்கள் என்றும் சொல்லமாட்டேன், சாமித்தோப்பில், அய்யாவழியைத் தொடங்கின வைகுண்டசாமி தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச்சொன்னது அதே காலம்தான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். "இங்கே பொறுத்துக்கோ, அங்கே பலன் கிடைக்கும்" என்று அடிமைகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் பரலோகத்தைக் காட்டி வாயை அடைத்த கிறிஸ்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். குடிகாரக் கணவனிடம் அடிவாங்குகிற பெண்ணிடம் "கிரீடம் காத்திருக்கு மகளே" என்று சொல்லி அனுப்புகிறவர்களை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது பரலோக நம்பிக்கை இல்லை. அடிக்கிறவனுக்குக் கொடுக்கிற ஒத்தாசை.

நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1712-ல் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகம், நல்ல குடும்பம். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து சோர்ந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு அதன் பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாகச் சொல்வார்கள். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்துகொண்டு, என் மீட்பர் உயிரோடிருக்கிறார், என் கண்ணே அவரைப் பார்க்கும் என்று சொன்ன யோபு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். வைத்த பெயர் லாசரு, தமிழில் தேவசகாயம். கல்லறையிலிருந்து வந்தவனுடைய பெயர்! அதற்குப் பிறகு அவர் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்து, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். சாவுக்குப் பிறகு வாழ்வு உண்டு என்று நம்பினவர் செய்த முதல் வேலை, சாவுக்கு முன்னாலேயே எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது.

நெய்யூர் சாமர்வெல் டாக்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1922 எவரெஸ்ட் குழுவில் ஏறினவர், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டில் ஏறி, மனிதர் அதுவரை எட்டாத உயரத்தை ஒட்டிப் போய்விட்டு, திரும்ப நெய்யூருக்கே இறங்கி வந்தார். வானத்துக்கு அவ்வளவு கிட்டப் போனவர் இறங்கி வந்து வயிற்றுப்புண் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை, எனக்கு என்ன என்று கேட்பீர்கள். அப்படியானால் என் சொந்தக் கதை ஒன்று, பெருமைப்பட ஒன்றுமில்லாதது. எனக்கும் என் அண்ணனுக்கும் முக்கால் சென்ட் நிலத்துக்குப் பதினொரு வருஷம் வழக்கு. சர்வே கல் யார் நகர்த்தினார்கள் என்பதுதான் தகராறு. வழக்கறிஞருக்குக் கொடுத்த பணத்தில் மூன்று சென்ட் வாங்கியிருக்கலாம். அந்தப் பதினொரு வருஷமும் ஒரே ஆலயத்தில் ஒரே திருவிருந்தில் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம், இடையில் நாலு பேர் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு. ஒரு நாள் பிள்ளைகளுக்கு இந்த "ஒரே வீடு, பல அறை" பாடத்தை நடத்தும்போது ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "சார், அங்க பக்கத்து ரூம்ல யாருன்னு நாம சொல்ல முடியுமா?" முடியாது என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தொண்டை அடைத்துப் போயிற்று. முடிவே இல்லாத காலம் பக்கத்து அறையில் இருக்கப்போகிறவனோடு முக்கால் சென்ட்டுக்கு நான் பேசாமல் இருக்கிறேன்.

அடுத்த மாதம் வழக்கை வாபஸ் வாங்கினேன். அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. இன்றைக்கும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், முக்கால் சென்ட்டில் வாழை வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வராது என்று சொன்னால் பொய். ஆனால் குலை வெட்டினால் ஒரு சீப்பு வீட்டுக்கு வருகிறது.

நிலம் வேண்டாம், உலகம் மாயை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது, நகரம் விழப்போகிறது என்று தெரியும், அந்த நேரத்தில் சிறையில் இருந்த எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். பைத்தியக்காரத்தனமான கிரயம். கடவுள் இந்த மண்ணைக் கைவிடவில்லை என்று நம்பினதால் வாங்கினார். நிலத்துக்காக நாம் சண்டை போடுவதும் எரேமியா நிலம் வாங்கினதும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி பத்திரம்தான்.

பொன்னைப் பற்றி ரெண்டு வரி. கல்யாணத்தில் எத்தனை பவன் என்ற பேச்சில் நம் மாவட்டத்துச் சபைகள் வெட்கப்பட வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன. இயேசுவின் வருகை சமீபம் என்று நகையைக் கழற்றின சபைகளும் உண்டு, அதை நான் மதிக்கிறேன், கழற்றுவது லேசான காரியமில்லை. ஆனால் கழற்றின நகை சில வீடுகளில் ரொக்கமாகவும் காராகவும் சீதனத்தில் திரும்பி வருகிறது. பொக்கிஷத்தைப் பரலோகத்தில் சேர்த்துவையுங்கள் என்பதற்கு நான் பார்த்த நல்ல விளக்கம் என் அம்மாவின் கைப்பிடி அரிசிதான். ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார், எங்களுக்கே பாதி வயிறு என்ற நாளிலும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். அம்மாவுக்குத் தத்துவம் எதுவும் தெரியாது. நாளைக்கும் கடவுள் இருப்பார் என்று தெரியும், அதனால் இன்றைக்கு ஒரு பிடி குறைந்தால் பயமில்லை.

பரலோகக் கூலிக்காக நல்லது செய்வது வியாபாரம் இல்லையா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூலிக்காகச் செய்தால் வியாபாரம்தான். ஆனால் அங்கே கிடைக்கப்போவது கடவுளும் இந்த மனிதர்களும்தான் என்றால், இவர்களைப் பிடிக்காதவனுக்கு அது கூலியாகவே இருக்காது. கடவுள் நம்பிக்கை இல்லாமலே என்னைவிட நேர்மையாக வாழ்கிறவர்களும் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி, இறுதிவரை. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. எனக்கு இந்த நம்பிக்கை என்ன செய்தது என்று மட்டும் சொல்லமுடியும்: தோற்றுப்போகிற வேலையைக்கூட விடாமல் செய்ய முடிகிறது. நீங்கள் படுகிற பாடு வீணாகாது என்று பவுல் எழுதினது, உயிர்த்தெழுதலைப் பற்றின அந்த நீண்ட அதிகாரத்தின் கடைசி வரியில். அதனால்தான் மூன்று தடவை ஃபெயிலான பையனுக்கு நாலாவது தடவையும் பாடம் நடத்தினேன்.

உங்கள் பாட்டியின் விளை விஷயத்தில் நீங்கள் யாருக்கும் உபதேசம் பண்ணவேண்டாம், எடுபடாது. உங்கள் அப்பாவின் பங்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அத்தைக்கு நியாயமாக வரவேண்டியது வருகிறதா என்று பாருங்கள், நம் பக்கம் பெண்பிள்ளைகள் பங்கைச் சீதனத்தோடு முடிந்தது என்று எழுதி வாங்குகிற பழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை செய்யக்கூடிய வேலை அது.

அப்புறம், எங்கள் ஆலயத்தில் ஈஸ்டர் அன்று விடியுமுன்னே கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன ஆராதனை உண்டு. என் அம்மாவும் அப்பாவும் அங்கேதான் கிடக்கிறார்கள், அண்ணனும் வருவார். முடிந்தால் நீங்களும் வாருங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், புல் நனைந்து கிடக்கும், வழுக்கும்.